பெட்டிங் எக்ஸ்சேஞ்சில் டென்னிஸ் டிரேடிங்: எங்கிருந்து ஆரம்பிப்பது

முதலில் சட்டத்தைப் பேசி முடித்துவிட்டு ஆட்டத்துக்குப் போகலாம். இங்கே சொல்வதெல்லாம் பிரிட்டனில் வசிக்கிற, பதினெட்டு வயது தாண்டிய ஆட்களுக்கு. அங்கே இது சூதாட்ட ஆணையத்தின் உரிமத்தோடு வெளிப்படையாக நடக்கிற தொழில், ஜெயித்த பணத்துக்கு வரியும் இல்லை. இந்தியாவில் கதை வேறு. தமிழ்நாட்டில் 2023 முதலே ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் இருக்கிறது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. ஆகவே சென்னையில் உட்கார்ந்துகொண்டு விபிஎன் போட்டு இதைச் செய்யலாமா என்று கேட்காதீர்கள். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் "எக்ஸ்சேஞ்ச் ஐடி தருகிறேன், முன்பணம் அனுப்பு" என்று வருகிறவர்களிடம் போய் மாட்டவும் வேண்டாம். அனுப்பிய பணம் திரும்பி வராவிட்டால் போய்க் கேட்க ஒரு வாசல்கூட இருக்காது.

சரி, எக்ஸ்சேஞ்ச் என்றால் என்ன? சாதாரண புக்கி கடையில் விலை வைப்பது கடைக்காரர், நீங்கள் அவரிடம் கட்டுகிறீர்கள், நீங்கள் தோற்றால் அவருக்கு லாபம். எக்ஸ்சேஞ்சில் எதிரே இருப்பது உங்களைப் போன்ற இன்னொரு ஆள். ஒருவர் "இவர் ஜெயிப்பார்" என்கிறார், இன்னொருவர் "ஜெயிக்க மாட்டார்" என்கிறார், நடுவில் இருக்கும் நிறுவனம் இரண்டு பேரையும் சேர்த்துவைத்து, ஜெயித்தவரின் லாபத்தில் ஒரு பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொள்கிறது. இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது பெட்ஃபேர், 2000இல் ஆண்ட்ரூ பிளாக், எட்வர்ட் ரே என்ற இரண்டு பேர் லண்டனில் தொடங்கியது. ஸ்மார்க்கெட்ஸ், மேட்ச்புக், பெட்டாக் எல்லாம் இதே வகைதான். ஆனால் டென்னிசுக்குப் பணம் குவிகிற இடம் இன்றும் பெட்ஃபேர்தான், கற்றுக்கொள்ள அங்கே போவதுதான் வசதி.

ஒருவர் ஜெயிப்பார் என்று கட்டுவது பேக். ஜெயிக்க மாட்டார் என்று கட்டுவது லே. விலை 2.50 என்றால், ஒரு பவுண்டு கட்டி ஜெயித்தால் கட்டியதும் சேர்த்து 2.50 கைக்கு வரும். பேக் எல்லோருக்கும் தெரியும்: 2.50 விலையில் 20 பவுண்டு பேக் செய்தால், ஜெயித்தால் 30 பவுண்டு லாபம், தோற்றால் 20 போச்சு. லே தான் புதியவர்களைக் குழப்பும். லே செய்யும்போது நீங்கள் கடைக்காரர் இடத்தில் நிற்கிறீர்கள். 2.50 விலையில் 20 பவுண்டுக்கு லே செய்தால், அவர் தோற்றால் உங்களுக்கு 20 லாபம், ஜெயித்தால் நீங்கள் 30 கொடுக்க வேண்டும். அந்த 30தான் லயபிலிட்டி. விலையில் ஒன்றைக் கழித்துத் தொகையால் பெருக்கினால் வந்துவிடும். விலை 1.10 என்றால் 100 பவுண்டு லேவுக்கு லயபிலிட்டி வெறும் 10. விலை 11 என்றால் அதே 100 பவுண்டுக்கு 1000. லே பட்டனை அழுத்துவதற்கு முன் தொகையைப் பார்க்காதீர்கள், லயபிலிட்டியைப் பாருங்கள்.

டிரேடிங் என்பது இந்த இரண்டையும் ஒரே ஆட்டத்தில் ஒரே ஆள் மேல் வெவ்வேறு விலையில் செய்வது, அவ்வளவுதான். 2.50க்கு 20 பவுண்டு பேக் செய்கிறீர்கள். அவர் எதிராளியின் சர்வை உடைக்கிறார் (எதிராளி சர்வ் செய்த கேமையே ஜெயிக்கிறார், இதுதான் பிரேக்), விலை 2.00க்கு இறங்குகிறது. இப்போது 2.00இல் 25 பவுண்டு லே செய்யுங்கள். அவர் ஜெயித்தால் பேக்கில் 30 வரும், லேவில் 25 போகும், மிச்சம் 5. தோற்றால் பேக்கில் 20 போகும், லேவில் 25 வரும், மிச்சம் 5. யார் ஜெயித்தாலும் ஐந்து பவுண்டு, மீதி ஆட்டத்தைப் பார்க்காமலே தூங்கப் போகலாம். இதைத்தான் கிரீன் அப் என்கிறார்கள், சைட்டிலேயே கேஷ் அவுட் பட்டன் இதைச் செய்துவிடும், ஆனாலும் கணக்கு கையால் போடத் தெரிய வேண்டும்: பேக் தொகை பெருக்கல் பேக் விலை, அதை இப்போதைய லே விலையால் வகுங்கள். எதிர்ப்பக்கம் நகர்ந்து விலை 3.00 ஆகிவிட்டால் இதே கணக்கில் 16.67 லே செய்து, இரண்டு பக்கமும் 3.33 நஷ்டத்தோடு வெளியே வரலாம். இருபது பவுண்டையும் இழக்கத் தேவையில்லை. டிரேடிங்கில் நீங்கள் உண்மையாகவே கற்றுக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது பட்டனை அழுத்துவதைத்தான், முதல் பட்டன் எல்லோருக்கும் தானாக வரும்.

விலை நகரும் படிக்கு டிக் என்று பெயர். 2.00க்குக் கீழே ஒரு டிக் 0.01, இரண்டிலிருந்து மூன்று வரை 0.02, மூன்றிலிருந்து நாலு வரை 0.05, மேலே போகப் போகப் பெரிதாகும். குறைந்த விலை 1.01, உச்சம் 1000.

ஸ்கோரிலிருந்து விலை எப்படி வருகிறது

டென்னிஸ் டிரேடிங்குக்கு இவ்வளவு வசதியான ஆட்டமாக இருப்பதற்குக் காரணம், இதில் டிரா கிடையாது, இரண்டே ஆட்கள், ஒவ்வொரு பாயின்டுக்கும் விலை நகரும். எந்தப் பக்கம் எவ்வளவு நகரும் என்பதையும் சர்வை வைத்து ஓரளவு முன்கூட்டியே கணக்குப் போட முடியும். ஆண்கள் டூரில் சர்வ் செய்கிறவர் சுமாராக ஐந்தில் நான்கு கேமைத் தக்கவைக்கிறார். பெண்கள் டூரில் மூன்றில் இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். பாயின்ட் அளவில் பார்த்தால் வித்தியாசம் சின்னதுதான்: நூறு பாயின்டில் 64ஐ ஜெயிக்கிற சர்வர் கணக்குப்படி 81 சதவீத கேம்களைத் தக்கவைப்பார், 56ஐ ஜெயிக்கிறவர் 65 சதவீதம். அந்த 64 சதவீத ஆளே 0-30இல் பின்தங்கினாலும் கேமைக் காப்பாற்ற 45 சதவீத வாய்ப்பு இருக்கிறது, 0-40இலும் இருபது சதவீதம். டிவி வர்ணனையாளர் "பிரேக் வந்துவிட்டது" என்று கத்தும்போது இந்த இருபதை ஞாபகத்தில் வையுங்கள்.

செட்டுக்கு வருவோம். இரண்டு சமபலமான ஆட்கள், மூன்று செட் ஆட்டம். ஆரம்பத்தில் விலை 2.00. முதல் செட்டை ஜெயித்தவருக்கு வெற்றி வாய்ப்பு 75 சதவீதம், விலை 1.33. கிராண்ட் ஸ்லாமில் ஆண்களுக்கு ஐந்து செட், அங்கே முதல் செட் ஜெயித்தாலும் வாய்ப்பு 69க்குச் சற்றுக் கீழேதான், விலை 1.45 ஒட்டி. இரண்டு செட் முன்னே போனால்தான் 1.14. அதனால்தான் விம்பிள்டனில் ஆண்கள் ஆட்டத்தில் முதல் செட்டில் விலை மந்தமாக நகர்வது போலத் தெரியும். ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம், ஆட்டம் நீளம், அவ்வளவுதான்.

இனி ஒரு கேமை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அதே சமபல ஆண்கள், மூன்று செட் ஆட்டம், முதல் செட் 3-3, இரண்டு பேரும் 81 சதவீதம் தக்கவைக்கிறவர்கள். முதல் ஆள் சர்வ் செய்யப் போகிறார், விலை 2.00. அவர் கேமைத் தக்கவைத்து 4-3 ஆனால் நியாயமான விலை 1.85. பிரேக் ஆகி 3-4 ஆனால் 3.05 ஒட்டி. கவனியுங்கள்: ஒரு பக்கம் பதினைந்து டிக், மறுபக்கம் ஐம்பதுக்கு மேல். நீங்கள் அவரை 2.00இல் 50 பவுண்டு பேக் செய்திருந்தால், தக்கவைத்தால் நாலு பவுண்டு சொச்சம் லாபத்தோடு வெளியே வரலாம், பிரேக் ஆனால் 17க்குச் சற்று மேலே நஷ்டம். ஐந்தில் நான்கு முறை அந்த நாலு பவுண்டு கிடைக்கும். நாலு நாலாகச் சேர்ந்து "ஆஹா, பிடித்துவிட்டேன்" என்று தோன்றுகிற நேரத்தில் ஒரு பதினேழு வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். பெருக்கிப் பார்த்தால் 81 சதவீதம் பெருக்கல் நாலு, 19 சதவீதம் பெருக்கல் பதினேழு, இரண்டும் மூன்றே கால் பவுண்டு. கழித்தால் பூஜ்யம்.

இந்தப் பூஜ்யம் உங்களுக்கு உறைக்க வேண்டும். "சர்வரை பேக் பண்ணு, கேம் முடிந்ததும் வெளியே வா" என்பது உத்தி இல்லை. "சர்வரை லே பண்ணு, பிரேக்குக்குக் காத்திரு" என்பதும் இல்லை, அது அதே பூஜ்யத்தைத் திருப்பிப் போட்டது, நாலு முறை சின்னதாகக் கடித்து ஐந்தாவது முறை பெரிதாகக் கொடுக்கும். விலை நியாயமாக இருக்கும்வரை எந்தப் பக்கம் நின்றாலும் கணக்குப் பூஜ்யம், அதன் மேல் கமிஷனும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கிற ஓரிரு டிக்கும் சேர்ந்தால் மெல்ல மெல்ல மைனஸ். இணையத்தில் இருபது பவுண்டுக்கு விற்கிற டென்னிஸ் உத்திகளில் பெரும்பாலானவை இந்தப் பூஜ்யத்தைப் பளபளப்பான காகிதத்தில் சுற்றித் தருபவைதான். விலை சொல்கிற 81 தவறு, இன்று இந்த ஆளுக்கு உண்மையில் 85, அல்லது 70, என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் அதில் பணம் இருக்கிறது. 85 என்று வைத்துக்கொண்டு மேலே உள்ள கணக்கையே போட்டால் ஐம்பது பவுண்டுக்கு ஏறக்குறைய 90 பென்ஸ் சராசரி லாபம் வரும், கமிஷனுக்கு முன்னால். நன்றாகக் கணித்தவனுக்கே ஒரு டிரேடுக்கு அவ்வளவுதான் மிஞ்சும்.

ஆகவே என் விதி ஒன்றே ஒன்று, வேறெதையும் மறந்தாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் முன் ஒரு தாளில் இரண்டு விலை எழுதுங்கள்: இந்த கேம் நமக்குச் சாதகமாக முடிந்தால் விலை எங்கே, பாதகமாக முடிந்தால் எங்கே. அந்த இரண்டாவது விலையில் எவ்வளவு நஷ்டம் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் ஆட்டத்தை ரசியுங்கள், பட்டனைத் தொடாதீர்கள். எழுதிவிட்டு, பாதகமான விலை வந்த பிறகு "இன்னொரு கேம் பார்க்கலாம்" என்று உட்கார்ந்திருந்தால் அது டிரேடிங் இல்லை, புக்கி கடையில் கட்டுவதற்கும் அதற்கும் வித்தியாசமே கிடையாது.

விலை எங்கே தவறும்

முதல் இடம், ஆளும் தரையும். 81, 65 என்பதெல்லாம் சராசரி. களிமண் தரையில் பந்து மெதுவாக எழும், பிரேக் அதிகம். புல்லிலும் உள்ளரங்கிலும் சர்வ்தான் ராஜா. சிலர் சர்வில் மலை, ரிட்டர்னில் மடு. 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மாஹுவும் கடைசி செட்டை 70-68 வரை இழுத்தார்கள், அந்த 138 கேமில் பிரேக் வந்தது கடைசி கேமில் மட்டும். இப்போது கிராண்ட் ஸ்லாம்களில் கடைசி செட் 6-6 ஆனால் பத்து பாயின்ட் டைபிரேக் வந்துவிட்டதால் அப்படியெல்லாம் இனி நடக்காது, ஆனால் அந்த வகை ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய ஆட்டத்தில் பிரேக்குக்காக லே செய்துவிட்டுக் காத்திருப்பது நேர விரயம். டென்னிஸ் அப்ஸ்ட்ராக்ட் சைட்டில் ஒவ்வொருவரின் ஹோல்ட் (சர்வ் கேமைத் தக்கவைக்கும்) சதவீதமும் பிரேக் சதவீதமும் தரைவாரியாக இலவசமாகக் கிடைக்கிறது. ஆட்டத்துக்கு முன் இரண்டு பேருக்கும் அதே தரையில் கடந்த ஒரு வருடக் கணக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏடிபி தரவரிசையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது 52 வாரத்துப் புள்ளிகளின் கூட்டல், இன்று யார் எப்படி ஆடுகிறார் என்பதை அது சொல்லாது.

இரண்டாவது இடம் உடம்பு. இதை ஸ்கோர் காட்டாது, கண் வேண்டும். முதல் சர்வின் வேகம் செட்டுக்குச் செட் இறங்குகிறதா, அகலமாக வரும் பந்துக்கு ஓடாமல் விடுகிறாரா, பாயின்டுக்கு நடுவில் இருக்கிற 25 நொடியையும் கடைசிச் சொட்டு வரை எடுத்துக்கொள்கிறாரா, தொடையைத் தட்டிக்கொண்டே இருக்கிறாரா. இதையெல்லாம் பார்த்துவிட்டு லே செய்வதில் ஒரு பொறி இருக்கிறது, விதி தெரியாதவர்கள் அதில் விழுவார்கள். பெட்ஃபேரில் யார் ஜெயிப்பார் என்கிற மார்க்கெட்டில், ஒரு செட் முழுசாக முடிந்த பிறகு ஒருவர் காயத்தால் விலகினால் மற்றவர் ஜெயித்ததாகக் கணக்கு முடியும். முதல் செட் முடிவதற்குள் விலகினால் எல்லாக் கட்டும் ரத்து. நீங்கள் ஏற்கெனவே கிரீன் அப் செய்து பச்சையாக வைத்திருந்த லாபமும் சேர்த்துக் காற்றில் போகும். மற்ற சைட்டுகளில் விதி வேறு மாதிரி இருக்கலாம், ஆகவே கணக்குத் தொடங்கிய அன்றே விலகல் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள், சலிப்பான வாசிப்புதான், ஆனால் பத்து நிமிடம்.

மூன்றாவது, எல்லோரும் முதலில் கேள்விப்படுகிற உத்தி: பெண்கள் ஆட்டத்தில் ஒரு செட்டும் ஒரு பிரேக்கும் முன்னே இருப்பவரை லே செய்வது. இதில் விஷயம் இல்லாமல் இல்லை. விலை 1.12 என்று வையுங்கள், 100 பவுண்டு லேவுக்கு லயபிலிட்டி 12 தான். எதிராளி பிரேக்கைத் திருப்பி எடுத்து விலை 1.25க்கு ஏறினால் 89.60 பேக் செய்து பத்து பவுண்டு சொச்சத்தோடு வெளியே வரலாம். ஆகவில்லை, முன்னே இருப்பவர் தக்கவைத்து 1.08க்கு இறங்கினால் நஷ்டம் நாலுக்குக் கீழே. கேட்கக் கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் பெண்கள் டூரில் பிரேக் சகஜம் என்பது மார்க்கெட்டுக்கும் தெரியும், விலை அதையும் சேர்த்துத்தான் நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஆட்டத்திலும் செய்தால் மேலே சொன்ன பூஜ்யம்தான். 2025 விம்பிள்டன் பெண்கள் இறுதியில் ஸ்வியான்டெக் 6-0, 6-0 என்று முடித்தார், அன்று பிரேக் திரும்பும் என்று காத்திருந்தவர்களுக்கு ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை. பின்தங்கி இருப்பவர் நல்ல ரிட்டர்ன் ஆளா, முதல் செட்டை 7-5, 7-6 என்று ஒட்டி இழந்தாரா, முன்னே இருப்பவரின் இரண்டாவது சர்வ் ஆட்டம் காண்கிறதா என்ற மூன்றும் பொருந்தினால் மட்டும் இதைத் தொடுங்கள், இரண்டாவது செட் முடியும்போது எதுவாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள்.

1.02, 1.01 விலையில் பேக் செய்து "சும்மா கிடக்கிற பணத்தைப் பொறுக்குகிறேன்" என்கிறவர்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் ஐந்தாவது செட்டில் 8-7, 40-15, கையில் சொந்த சர்வ், இரண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட். ஜெயித்தது ஜோகோவிச். 2025 பிரெஞ்சு ஓபன் இறுதியில் அல்கராஸ் நான்காவது செட்டில் 3-5, 0-40, சின்னருக்கு மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட். ஆட்டம் ஐந்து மணி 29 நிமிடம் ஓடி அல்கராஸ் பக்கம் முடிந்தது. அப்படி ஒரு நேரத்தில் 1.02இல் ஆயிரம் பவுண்டு பேக் செய்தவன் இருபது பவுண்டுக்காக ஆயிரத்தைப் பணயம் வைக்கிறான், ஐம்பத்தொன்றில் ஒரு முறை தோற்றாலே முதலுக்குத்தான் வரும். கமிஷன் வேறு இருக்கிறது. மறுபக்கம் 1.02இல் 100 பவுண்டு லே செய்ய லயபிலிட்டி இரண்டு பவுண்டு. நான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்றால் லே பக்கம்தான் நிற்பேன், தூக்கமாவது வரும்.

உங்கள் டிவி பின்தங்கி ஓடுகிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் போட்டவர்கள் ஏராளம். லேடரை, அதாவது ஒவ்வொரு விலையிலும் எவ்வளவு பணம் காத்து நிற்கிறது என்று காட்டும் பட்டியலை, திறந்து வைத்துக்கொண்டு ஒரு ஆட்டத்தைப் பாருங்கள். திரையில் ஆள் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருப்பார், இன்னும் மேலே எறியக்கூட இல்லை, அதற்குள் விலை படபடவென்று எட்டு டிக் தாவும். அப்புறம்தான் உங்கள் திரையில் டபுள் ஃபால்ட் விழும். கோர்ட்டில் நடந்தது உங்களுக்கு வந்து சேரச் சில நொடிகள், சில ஸ்ட்ரீம்களில் பத்துக்கும் மேல். நடுவர் டேப்லெட்டில் தட்டும் ஸ்கோரை நேராக வாங்குகிறவர்களும், மைதானத்திலேயே உட்கார்ந்து ஸ்கோர் அனுப்புகிறவர்களும் உங்களுக்கு முன்னே நிற்கிறார்கள். மைதானத்திலிருந்து இப்படி அனுப்புவதற்குக் கோர்ட்சைடிங் என்று பெயர். 2014 ஆஸ்திரேலிய ஓபனில் அதற்காக ஒரு பிரிட்டிஷ் இளைஞரைக் கைது செய்து, பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். இது போதாது என்று, ஆட்டம் நடக்கும்போது நீங்கள் அனுப்பும் ஆர்டரை எக்ஸ்சேஞ்சே சில நொடி பிடித்து வைத்துவிட்டுத்தான் உள்ளே விடும். ஆகவே பாயின்டுக்குப் பாயின்ட் ஸ்கால்ப் பண்ணும் (ஓரிரு டிக் லாபத்துக்காக உடனுக்குடன் உள்ளே போய் வெளியே வரும்) ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள், அந்த ஓட்டத்தில் வீட்டில் சோபாவில் இருப்பவருக்கு இடமில்லை.

நமக்கு இருக்கிற நேரம் இருக்கை மாறும் இடைவேளை. ஒற்றைப்படை கேம் முடிந்து பக்கம் மாறும்போது 90 நொடி, செட் முடிந்தால் இரண்டு நிமிடம். (முதல் கேமுக்குப் பிறகும் டைபிரேக்கிலும் உட்கார மாட்டார்கள், பக்கம் மட்டும் மாறுவார்கள்.) அந்தத் தொண்ணூறு நொடியில் திரையும் கோர்ட்டும் ஒரே இடத்தில் நிற்கும், எல்லோருக்கும் ஒரே தகவல். தாளில் இரண்டு விலை எழுதுவதும், ஆர்டர் வைப்பதும், வெளியே வருவதும் அப்போது. பாயின்ட் நடுவில் எடுபடாத ஆர்டர் எதையும் தொங்கவிட்டு வைக்காதீர்கள், அது எடுபட்டால் உங்களுக்குப் பாதகமான பாயின்ட் விழுந்துவிட்டது என்று அர்த்தம். லேடரில் ஒரு விலையில் திடீரென்று பெரிய தொகை வந்து நிற்பதைப் பார்த்துப் பின்னால் ஓடவும் வேண்டாம், பல நேரம் அது காட்டுவதற்காக வைத்தது, பக்கத்தில் போனால் மறைந்துவிடும்.

எந்த ஆட்டம்? கிராண்ட் ஸ்லாம், மாஸ்டர்ஸ் 1000, டபிள்யூடிஏ 1000 மட்டும். பேக் விலைக்கும் லே விலைக்கும் நடுவில் ஒரு டிக், நினைத்த நேரத்தில் வெளியே வரலாம். சேலஞ்சர், ஐடிஎஃப் ஆட்டங்களில் பணம் குறைவு, விலைகளுக்கு நடுவில் பள்ளம், உள்ளே போகலாம், வெளியே வர ஆள் இருக்காது. கீழ்மட்ட ஆட்டங்களில் வேறு நாற்றமும் உண்டு, டென்னிஸ் நேர்மை அமைப்பு தண்டிக்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த மட்டத்து ஆட்கள். மேல்மட்டத்திலும் ஒருமுறை பெரிய சத்தம் எழுந்தது: 2007 ஆகஸ்டில் போலந்தின் சோபாட்டில் டவிடென்கோவும் வசாயோ ஆர்குவெல்யோவும் ஆடிய ஆட்டத்தில் பணம் விசித்திரமாகப் பாய்ந்ததைப் பார்த்து பெட்ஃபேர் எல்லாக் கட்டையும் ரத்து செய்தது. ஏடிபி விசாரித்து 2008இல் இருவர் மேலும் தவறில்லை என்று முடித்தது. நம்மைப் பொறுத்தவரை இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான், காரணம் தெரியாமல் விலை ஒரு பக்கமாகவே ஓடினால் எதிரே நின்று மல்லுக்கட்ட வேண்டாம்.

பழகுவது

முதலில் பணமே வேண்டாம். ஒரு மாதம் தாளும் பேனாவும். ஒவ்வொரு கேமுக்கும் முன் இரண்டு விலையை ஊகித்து எழுதுங்கள், கேம் முடிந்ததும் உண்மையான விலையைப் பக்கத்தில் எழுதுங்கள். ஆரம்பத்தில் எங்கேயோ இருக்கும், பிறகு நாலைந்து டிக்குக்குள் வரும். அது வராதவரை அடுத்த கட்டம் வேண்டாம். பெட் ஏஞ்சல், கீக்ஸ் டாய் போன்ற மென்பொருள்களில் உண்மையான விலையை வைத்து, பொய்ப் பணத்தில் பழகும் வசதி இருக்கிறது, லேடரில் விரல் பழகுவதற்கு அது போதும். பேக் செய்ய நினைத்து லே அழுத்துவது, 20க்குப் பதில் 200 என்று அடிப்பது எல்லாம் அங்கேயே நடந்து தீரட்டும்.

பிறகு இரண்டு பவுண்டு. சிரிக்காதீர்கள், இரண்டு பவுண்டில் கட்டுப்பாடு இல்லாதவருக்கு இருநூறில் வராது. இதற்கென்று தனியாக ஒரு தொகை வையுங்கள், அது முழுசாகப் போனாலும் வாடகையும் மளிகையும் ஆடாத தொகை. கிரெடிட் கார்டில் கட்டுவதை பிரிட்டனில் 2020 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள், அது நல்லது, வேறு வழியில் கடன் வாங்கியும் கட்ட வேண்டாம். ஒரு டிரேடில் போகக்கூடிய நஷ்டம் அந்தத் தொகையில் நூற்றுக்கு ஒன்று, ரொம்பப் போனால் இரண்டு. நஷ்டத்தில் வெளியே வந்தால் அந்த ஆட்டத்தை மூடிவிடுங்கள், விட்டதை அதே ஆட்டத்தில் பிடிக்கிறேன் என்று உட்கார்ந்தால் அடுத்த தொகை இரண்டு மடங்காகும், அதற்கடுத்தது நாலு மடங்கு, நள்ளிரவில் ஏதோ ஓர் ஊரில் பெயர் தெரியாத இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தில் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்த நிலை உங்களுக்குத் தெரிந்த நிலையாக இருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு கேம்ஸ்டாப்பில் பதிவு செய்யுங்கள், பிரிட்டனில் உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் சைட்டிலும் ஒரே பதிவில் உங்களைத் தடுத்துவிடும். பேச ஆள் வேண்டும் என்றால் கேம்கேர் இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள்.

ஒவ்வொரு டிரேடையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதில் என்ன எழுதுவது என்று பலர் கேட்பார்கள். ஆட்டம், தரை, ஸ்கோர், உள்ளே போன விலை, எழுதி வைத்த இரண்டு விலை, வெளியே வந்த விலை, இதெல்லாம் சரி. இவற்றைவிட முக்கியம் "ஏன்" என்று ஒரு வரி. "இரண்டாவது சர்வில் பாதிக்கு மேல் இழக்கிறார்" என்பது ஏன். "தோணுச்சு" என்பது ஏன் இல்லை. நூறு டிரேட் சேர்ந்த பிறகு அந்த வரியை வைத்துப் பிரித்துப் பாருங்கள், ஏதோ ஒரு வகை மட்டும் பச்சையாக இருக்கும், மற்றவை சிவப்பு. அதற்கப்புறம் பச்சை வகையை மட்டும் செய்யுங்கள், வாரத்துக்கு இரண்டே வந்தாலும் சரி. எல்லாமே சிவப்பு என்றால், அது பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான், இரண்டு பவுண்டுக் கணக்கில் தெரிந்துகொண்டீர்கள், டென்னிஸ் பார்ப்பதற்குக் காசு கேட்காத எத்தனையோ வழி இருக்கிறது.

கடைசியாக, நிறைய ஜெயிக்கிறவர்களிடம் பெட்ஃபேர் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளுமாமே என்று யாராவது பயமுறுத்துவார்கள். உண்மைதான், 2008 முதல் பிரீமியம் சார்ஜ் என்ற பெயரில் பிடித்தார்கள், 2025இல் அதை எடுத்துவிட்டு எக்ஸ்பர்ட் ஃபீ என்று வைத்திருக்கிறார்கள். ஓராண்டு லாபம் 25,000 பவுண்டைத் தாண்டினால்தான் அது உங்கள் பக்கம் திரும்பும். இரண்டு பவுண்டு டிரேடுகளை எழுதும் நோட்டு முதலில் நிரம்பட்டும், அதைப் பற்றி அப்புறம் புலம்பிக்கொள்ளலாம்.